சண்டி

பீடோங் பேருந்து நிலையத்தில் மூன்று மொழியில் பதாகை.
தமிழில் மட்டும் லகரம் தடுக்கி
'நுழைவு இளவசம்' என்றிருந்தது.
பரவாயில்லை, புரிந்தது.

இரவு ஷிப்ட் முடிந்து,
கையுறைத் தொழிற்சாலையின் மாவு
இன்னும் மணிக்கட்டில் இருக்க,
வாஷிங் மிஷினைச் சாய்த்துப் பிடித்தேன்.
மரியதாஸ் குனிந்து இழுத்தார்.
இருபத்திரண்டு வருஷம் அதன் பின்னங்காலுக்கு
முட்டுக்கொடுத்த செங்கல்
சோப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

அந்தப் பழைய கோயிலுக்கு மலாயில் சண்டி என்று பெயர்.
எங்கள் வீட்டில் சண்டி என்றால்
அடித்தாலும் நகராத மாடு,
உதைத்தாலும் கிளம்பாத மோட்டார்சைக்கிள்,
என் நாத்தனார்.

லயத்தை இடித்த வருஷம்
சாமான் ஏற்றிய லாரி சேற்றில் புதைந்தது.
செம்பனைக்கு நடுவே ஒரு மேடு, லாலாங் புல்,
சிதறிய கற்கள்.
டயருக்கடியில் ஆறு போட்டோம். லாரி ஏறிவிட்டது.
ஐந்தை அங்கேயே விட்டோம்.
ஒன்று எப்படியோ பீரோவோடு வந்தது.
அப்போது வேலி இல்லை,
ஆயிரம் வருஷம் என்று சொல்ல ஒரு பலகை இல்லை.

குழாயடியில் கழுவியபோதுதான் அடிப்பக்கம் பார்த்தேன்.
நாயின் கால்தடம்.
நாலு விரல், ஒரு உள்ளங்கால்.
ஈரம் காயுமுன் குறுக்கே ஓடியிருக்கிறது.
யாரோ ஒருவர் அதை விரட்டியிருப்பார்,
எந்த மொழியில் என்று தெரியாது.

வாசலில் பையைத் திறக்கச் சொன்ன நேப்பாளக் காவலாளி
கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
அவன் கையிலிருந்த தாளில்
வெளியே கொண்டுபோகக் கூடாதவை ஒன்பது.
உள்ளே கொண்டுவருவதைப் பற்றி
ஒரு வரியும் இல்லை.
'கனமா அக்கா?' என்றான்.
கனம்தான்.

பதினெட்டுக் கூடாரம்.
சிலம்பம் முடியும் முன்பே சிங்கம் மேளத்தோடு வந்துவிட்டது.
பண்டுங் தண்ணீர் இரண்டு ரிங்கிட், அது இளவசம் இல்லை.
மேடையில் ஒருவர் 'நம்முடையது' என்றார்,
அடுத்தவர் 'அனைவருடையதும்' என்றார்.
இரண்டுக்கும் அதே ஆட்கள் கைதட்டினார்கள்.
இடையில், வழியை மறித்து நிற்கும் வெள்ளை மைவியை
உடனே எடுக்கும்படி ஒலிபெருக்கி கெஞ்சியது.

கயிற்றுக்கு அப்பால் அடித்தளத்தைக் காட்டி
கண்ணாடிபோட்ட பையன் விளக்கினான்:
'இந்த மூலையில் கற்கள் இல்லை.
வெள்ளம் அடித்துப் போயிருக்கலாம்.'
வெள்ளம்
தோளில் பையோடு நின்று
தலையாட்டியது.

கயிறு தாண்ட முடியாது. நாலு கேமரா.
பையின் வார் தோளை அறுக்க
சுற்றிச் சுற்றி வந்தேன்.
கடைசிக் கூடாரத்தில் பிள்ளைகள்
களிமண் பிசைந்து செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
வெயிலில் பாய்விரித்து வரிசையாய்க் காயவைத்திருந்தது,
ஒவ்வொன்றிலும் ஒரு விரல்தடம், ஒரு எண்.
வரிசையின் கோடியில் என்னுடையதைக் குப்புற வைத்தேன்.

தொண்டர் சட்டை போட்ட பெண் வந்தாள்.
மார்பு அட்டையில் சுரயா.
'இது நன்றாகக் காய்ந்துவிட்டதே!'
'முதலிலேயே செய்தது' என்றேன்.
'நாய்க்கால் மாதிரி அழுத்தியிருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளை.
பெயர்?'
வாயில் வந்ததைச் சொன்னேன்.
'சண்டி' என்று எழுதி
அறுபத்து நாலு என்று ஒட்டினாள்.
அடிச்சீட்டை எனக்குக் கிழித்துக் கொடுத்தாள்.
மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்,
வாங்காதவை இங்கேயே இருக்கும்.

அதைத்தான் கேட்க வந்தேன் என்று
அவளிடம் சொல்லவில்லை.

இப்போது மணி ஆறு.
மரியதாஸ் பால்டின் அட்டையை நாலாய் மடித்து
மிஷினுக்கடியில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்.
துணி பிழியத் தொடங்கியதும்
அது உடம்பை உதறிக்கொண்டு
அடுப்படி தாண்டி, குழாய் இழுபட,
வாசற்பக்கம் நடந்து வருகிறது.